களப்பயிற்சியின் மேற்பார்வை யார் கையில்?
எல்லை மலைகளின் மக்களும் பொது சுகாதாரக் கல்வியும்

கோயம்புத்தூரிலிருந்து ஆனைகட்டி வழியாக அட்டப்பாடிக்குள் நுழைந்தாலும், போடிமெட்டு ஏறிப் பூப்பாறை, தேவிகுளம் கடந்து மூணாறை அடைந்தாலும், ஒரு காட்சி தவறாமல் காணக் கிடைக்கிறது. கழுத்தில் அடையாள அட்டை அணிந்த இளைஞர்கள் வண்டியிலிருந்து இறங்குகிறார்கள். கையில் எடைக்கருவி, இரத்த அழுத்தக் கருவி, பக்கம் பக்கமாக வினாப்படிவம். ஆஷா ஊழியர் ஒருவர் முன்னே நடக்க, அவர்கள் வீடு வீடாக ஏறி இறங்குகிறார்கள். குழந்தையின் கைச்சுற்றளவை அளக்கிறார்கள். தாயின் வயதையும் பிரசவங்களின் எண்ணிக்கையையும் எழுதிக்கொள்கிறார்கள். சில வாரங்களில் திரும்பிவிடுகிறார்கள். அடுத்த ஆண்டு வேறு சிலர் வருகிறார்கள். அதே வீடு, அதே கேள்வி, அதே தாய். சென்ற முறை எழுதிச் சென்ற கணக்கு என்னவாயிற்று என்ற அவளுடைய கேள்விக்கு மட்டும் எவரிடமும் விடை இல்லை.

பொது சுகாதாரத்தில் முதுநிலைப் பட்டம் பெறும் மாணவர்களுக்கு மேற்பார்வையுடன் கூடிய களப்பயிற்சி கட்டாயம் வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. வகுப்பறையில் அமர்ந்து கொள்ளைநோயியல் சூத்திரங்களை மனப்பாடம் செய்தவர் மட்டுமே மாவட்ட சுகாதாரத்தை நிர்வகிக்க முடியாது. அவர் லயத்தின் கூரைக்கடியில் ஓர் இரவு தங்கியிருக்க வேண்டும். ஊர் மூப்பனோடு பேசியிருக்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தின் மருந்து இருப்புப் பதிவேட்டைப் புரட்டியிருக்க வேண்டும். கேள்வி வேறு இடத்தில் இருக்கிறது. களப்பயிற்சியை மேற்பார்வையிடுவது யார்? மாணவர் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்? இன்றைய ஏற்பாட்டில் அவர் தம் கல்வி நிறுவனத்துக்குப் பொறுப்பானவர். நிறுவனம் பெரும்பாலும் நிதி தருவோருக்கும் ஆய்விதழ்களுக்கும் பொறுப்பானது. அளக்கப்படும் மக்களுக்கு இச்சங்கிலியில் இடமே இல்லை. பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் எல்லைப்பகுதிகளில் இந்தக் குறைபாடு வெறும் கல்வித்துறைச் சிக்கலாக நின்றுவிடுவதில்லை. உயிர்களோடு தொடர்புடைய அரசியல் கேள்வியாகிறது.

சைலீசியாவிலிருந்து சிங்கூர் வரை

1848 பிப்ரவரியில், மேல் சைலீசியாவில் பரவிய டைபஸ் காய்ச்சலை ஆராயப் பிரஷ்ய அரசு ருடால்ஃப் விர்ச்சோவ் என்ற 26 வயது மருத்துவரை மூத்த மருத்துவர் ஒருவருடன் அனுப்பியது. இன்றைய சொல்லில் கூறினால், அது மேற்பார்வையுடன் கூடிய களப்பயிற்சிதான். சில வாரங்களே அங்கு தங்கிய அவ்விளைஞர் எழுதிய அறிக்கை மருந்துப் பட்டியலோடு முடியவில்லை. பஞ்சத்தையும் நிலப்பிரபுக்களின் சுரண்டலையும் அது சுட்டிக்காட்டியது. அங்கு வாழ்ந்தோர் போலிஷ் மொழி பேசும் ஏழைகள். ஆண்டவர்களும் கற்பித்தவர்களும் ஜெர்மன் மொழியினர். மக்களின் மொழிக்கு உரிமை, கல்வி, முழுமையான ஜனநாயகம், பொருளாதார முன்னேற்றம் ஆகியவையே கொள்ளைநோய்க்கு மருந்து என்று விர்ச்சோவ் முடிவுரை எழுதினார். பெர்லின் திரும்பியதும் மார்ச் எழுச்சியின் தடுப்பரண்களில் நின்றார்.

அதற்கு மூன்றாண்டுகள் முன்னதாக, 1845இல், ‘இங்கிலாந்தில் தொழிலாளி வர்க்கத்தின் நிலைமை’ நூலை வெளியிட்டபோது எங்கெல்சுக்கு வயது 24. மான்செஸ்டரின் தொழிலாளர் குடியிருப்புகளுக்குள் அவரை அழைத்துச் சென்றவர் மேரி பர்ன்ஸ் என்ற ஐரிஷ் தொழிலாளிப் பெண். நோயையும் அகால மரணத்தையும் தனிமனிதரின் தலைவிதியாகப் பார்க்காமல் சமூகக் கொலையாகப் பார்க்கும் பார்வை அந்தக் களத்திலிருந்தே பிறந்தது. களம் ஓர் இளைஞருக்கு எதைக் கற்பிக்கும் என்பது, அவரை அங்கு அழைத்துச் செல்பவர் யார் என்பதையும் பொறுத்தது.

இந்தியாவில் பொது சுகாதாரக் கல்வி வேறு வழியில் வந்தது. கல்கத்தாவில் 1932இல் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் நிதியுடன் அகில இந்திய சுகாதாரம் மற்றும் பொது சுகாதார நிறுவனம் தொடங்கப்பட்டது. பின்னர் அதன் கிராமப்புறக் களமாகச் சிங்கூர் அமைந்தது. பயிற்சி தேவை என்ற உணர்வு சரியானது. ஆனால் காலனிய அரசும் வெளிநாட்டு அறக்கட்டளையும் வகுத்த அந்தப் பயிற்சியில் கிராமம் ஒரு பரிசோதனைச் சாலையாகவே கருதப்பட்டது. 1946இல் வெளிவந்த போர் குழு அறிக்கை இதிலிருந்து ஓரடி முன்னேறியது. மருத்துவ மாணவர்கள் சமூக மருத்துவர்களாக உருவாக வேண்டும் என்றது. பணம் செலுத்த இயலாமையால் எவருக்கும் சிகிச்சை மறுக்கப்படக் கூடாது என்றது. 1978இல் அல்மா ஆட்டா பிரகடனம் இன்னும் ஓரடி முன்னே சென்று, தங்கள் சுகாதாரத்தைத் திட்டமிடுவதில் பங்கேற்பது மக்களின் உரிமையும் கடமையும் என்று அறிவித்தது. திட்டமிடும் உரிமை மக்களுக்கு உண்டெனில், திட்டமிடப் பயில்வோரை மேற்பார்வையிடும் உரிமையும் அவர்களுக்கு உண்டு. இந்த எளிய முடிவைத்தான் இன்றைய பாடத்திட்டங்கள் ஏற்க மறுக்கின்றன.

படிவத்தில் இல்லாத நிலம்

அகளி, புதூர், ஷோளையூர் ஆகிய மூன்று ஊராட்சிகளைக் கொண்ட அட்டப்பாடியில் இருளர், முதுகர், குறும்பர் ஆகிய பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். 2013இல் இங்கு அடுத்தடுத்து நிகழ்ந்த பச்சிளங்குழந்தைகளின் மரணங்கள் நாட்டையே உலுக்கின. குழந்தை இறப்பு விகிதத்தில் இந்தியாவுக்கே முன்மாதிரி என்று போற்றப்படும் கேரளத்தின் ஒரு மூலையில், தாயின் வயிற்றிலேயே குழந்தை மெலிந்தது. குழுக்கள் வந்தன, அறிக்கைகள் எழுதப்பட்டன, சிறப்புத் திட்டங்கள் அறிவிக்கப்பட்டன. கோட்டத்தறை பழங்குடியினர் சிறப்பு மருத்துவமனையின் பெயர் நாளேடுகளில் இடம்பெற்றது. அதன் பிறகு அட்டப்பாடி, பொது சுகாதார மாணவர்களின் விருப்பமான களமாயிற்று.

அங்கு செல்லும் மாணவர் பொதுவாக எதை எழுதுகிறார்? இரத்தசோகை, எடைக்குறைவு, அரிவாள் செல் நோய், மருத்துவமனைப் பிரசவம், தடுப்பூசி. இவை யாவும் எழுதப்பட வேண்டியவையே. ஆனால் 1951இல் அட்டப்பாடியின் மக்கள்தொகையில் ஏறத்தாழ 90 சதவீதமாக இருந்த பழங்குடியினர் 2011இல் பாதிக்கும் கீழே சென்றது எப்படி என்ற கேள்வி வினாப்படிவத்தில் இருக்காது. ராகியும் சாமையும் துவரையும் விளைந்த நிலம் யார் கைக்குப் போயிற்று என்ற கட்டம் அதில் இருக்காது. பறிபோன நிலத்தை மீட்டுத் தருவதற்காகக் கேரளம் 1975இல் சட்டம் இயற்றியது. அதற்கு விதிகள் வகுக்கவே 1986 வரை ஆயிற்று. 1999இல் அது நீர்த்துப்போன வேறொரு சட்டமாக மாறியது. இவ்வரலாற்றுக்கு மாநிலத்தை ஆண்ட எல்லாத் தரப்பும் பதில் சொல்லியாக வேண்டும். நிலத்தை இழந்தவர் தானியத்தை இழந்தார். தானியத்தை இழந்தவள் இரத்தத்தை இழந்தாள். இரத்தத்தை மட்டும் அளக்கும் படிவம், இரும்புச்சத்து மாத்திரையை ஒழுங்காக விழுங்காத தாயையே குற்றவாளியாக்குகிறது. ‘விழிப்புணர்வு இன்மை’ என்ற இரண்டு சொற்களில் நிலப்பறிப்பின் முழு வரலாறும் மறைக்கப்படுகிறது.

இது மாணவரின் குற்றமன்று. அவரது வினாப்படிவம் அவர் மலையேறும் முன்பே எங்கோ வகுக்கப்பட்டுவிடுகிறது. ஊர்க்கூட்டத்தின் முன் அது வைக்கப்பட்டிருந்தால், முதல் திருத்தமே நிலம் பற்றியதாக இருந்திருக்கும்.

முதலில் அறிந்தவர்கள்

பாலக்காட்டின் கிழக்கெல்லையில், சித்தூர் வட்டத்தின் பெருமாட்டி ஊராட்சியில் பிளாச்சிமடை இருக்கிறது. கோகோ கோலா ஆலை அங்கு 2000இல் இயங்கத் தொடங்கியது. கிணற்று நீர் கெட்டதை முதலில் கண்டறிந்தவர்கள் ஆய்வாளர்கள் அல்லர். சோறு வடிக்கும்போதும் குளிக்கும்போதும் நீரின் மாற்றத்தைத் தங்கள் உடலில் உணர்ந்த எரவாளர் பழங்குடிப் பெண்களும் கூலித் தொழிலாளர்களும்தான் அதை அறிவித்தார்கள். மயிலம்மாவை முன்னிறுத்தி 2002 ஏப்ரல் 22 அன்று போராட்டம் தொடங்கியது. ஆலைக் கழிவில் காரீயமும் காட்மியமும் இருப்பதாக 2003இல் பிபிசி வானொலி வெளிப்படுத்திய பிறகே உலகம் அவர்களை நம்பியது. 2004 மார்ச்சில் உற்பத்தி நின்றது. மாநில அரசு அமைத்த உயர்மட்டக் குழு 2010இல் 216 கோடியே 26 லட்சம் ரூபாய் இழப்பை மதிப்பிட்டது. இழப்பீட்டுத் தீர்ப்பாயம் அமைக்கும் மசோதாவைச் சட்டமன்றம் 2011இல் நிறைவேற்றியும், குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்காமல் அது திரும்பியது. கணக்கு சரியாக இருந்தது. கணக்கை நிறைவேற்றும் அதிகாரம்தான் மக்களிடம் இல்லை.

இதே கேரளத்தின் வடகோடியிலுள்ள காசர்கோடு, ஆய்வும் போராட்டமும் கைகோத்தால் என்ன நிகழும் என்பதைக் காட்டியது. தோட்டக் கழகத்தின் முந்திரிக் காடுகளில் வானிலிருந்து பல்லாண்டு தெளிக்கப்பட்ட எண்டோசல்ஃபான் அங்கு தலைமுறைகளை முடமாக்கியது. கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரியின் சமுதாய மருத்துவத் துறை 2010-11இல் அங்கு நடத்திய கள ஆய்வு, பாதிக்கப்பட்டோரின் வாக்குமூலத்துக்கு அறிவியல் வலிமை சேர்த்தது. இந்திய ஜனநாயக வாலிபர் சங்கம் தொடுத்த வழக்கில் 2011 மே 13 அன்று உச்சநீதிமன்றம் அந்த நஞ்சுக்குத் தடை விதித்தது. 2017 ஜனவரி 10 அன்று பாதிக்கப்பட்டோருக்குத் தலா 5 லட்சம் ரூபாய் வழங்க ஆணையிட்டது. ஓர் அரசுக் கல்லூரி, ஒரு வெகுஜன அமைப்பு, பாதிக்கப்பட்ட மக்கள் என இம்மூன்றும் இணைந்தபோது ஆய்வேடு அலமாரியில் தூங்கவில்லை.

கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் 1987இல் மாநிலம் முழுவதும் நடத்திய சுகாதார ஆய்வும் இவ்வகையிலேயே நினைவுகூரத் தக்கது. தொண்டர்களே வீடு வீடாகச் சென்று எடுத்த அக்கணக்கு, குடும்பங்களைப் பொருளாதார நிலைப்படி பிரித்துப் பார்த்தது. கேரளத்தின் சராசரி நலவாழ்வுக்குள் ஒளிந்திருந்த வர்க்க வேறுபாடு அதில் வெளிப்பட்டது. களப்பணி என்றால் என்ன என்று அறிய அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் கையேட்டைத் தேட வேண்டியதில்லை. முன்மாதிரி இம்மண்ணிலேயே இருக்கிறது.

இரு மாநிலங்களின் பதிவேட்டிலும் இல்லாதவள்

இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை வட்டங்களின் தோட்டங்களைத் தலைமுறை தலைமுறையாகத் தாங்கி நிற்பது தமிழ்த் தொழிலாளர்களின் உழைப்பு. 2020 ஆகஸ்ட் 6 இரவு ராஜமலைப் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியபோது 70 உயிர்கள் மண்ணுக்குள் போயின. கயத்தாறு சுற்றுவட்டாரத்திலிருந்து பிழைப்புக்காக மலையேறிய குடும்பங்களின் வாரிசுகள் அவர்கள். தகவல் வெளியுலகை எட்டவே மறுநாள் காலையாயிற்று. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீட்டுவசதியையும் மருத்துவ வசதியையும் குழந்தைக் காப்பகத்தையும் நிர்வாகத்தின் கடமையாக்கியிருந்தது. அக்கடமை எந்த அளவுக்கு நிறைவேறியது என்பதற்கு ஒற்றை அறை லயங்களே சாட்சி. இப்போது 29 சட்டங்களை நான்கு தொகுப்புகளுக்குள் அடைத்த ஒன்றிய அரசு அச்சட்டத்தையும் விழுங்கிவிட்டது.

தோட்டத்துக்குச் செல்லும் பொது சுகாதார மாணவர் எதைப் பார்க்கிறார்? பெண் தொழிலாளியின் கருப்பைக் கோளாறையும் முதுகுவலியையும் பார்க்கிறார். கொழுந்து எடை நிறைவதற்காகச் சிறுநீரை அடக்கிக்கொண்டு நிற்கும் வேலைநேரத்தைப் பார்ப்பதில்லை. கங்காணியின் பார்வையையும் நிர்வாகத்தின் எடை நிர்ணயத்தையும் பார்ப்பதில்லை. 2015 செப்டம்பரில் மூணாறின் பெண்கள் ‘பொம்பிளை ஒருமை’ என்ற பெயரில் திரண்டு 20 சதவீதப் போனசும், 232 ரூபாயாக இருந்த தினக்கூலியை 500 ஆக்கவும் கேட்டார்கள். பேச்சுவார்த்தைக்குப் பின் கூலி 301 ரூபாயில் நின்றது. அப்போராட்டம் நிர்வாகத்தை மட்டுமன்றித் தொழிற்சங்கத் தலைமைகளையும் நோக்கிக் கேள்வி எழுப்பியது. தொழிலாளியின் உடல் சொல்வதை நிர்வாகம் கேட்கவில்லை. சங்கமும் போதிய அளவு கேட்கவில்லை. இந்தத் தற்சோதனை இல்லாமல் மாணவர்களை மட்டும் குறை கூறுவது நேர்மையாகாது.

மொழி அடுத்த தடை. மலையாளத்தில் ‘பனி’ என்றால் காய்ச்சல்; தமிழில் அது மலைமேல் இறங்கும் பனி. மூணாறில் பிறந்தவருக்கு இரண்டும் தெரியும். தொலைதூர நகரத்திலிருந்து ஆங்கில வினாப்படிவத்துடன் வரும் மாணவருக்கு ஒன்றும் தெரியாது. ஆங்கிலக் கேள்வி மலையாளமாகி, ஆஷா ஊழியரின் வாய்வழித் தமிழாகி, முதுவர் குடியிலோ இருளர் ஊரிலோ இன்னொரு மொழியாகித் திரும்பும்போது, புள்ளிவிவர மென்பொருளுக்குள் நுழைவது யாருடைய பதில்? தமிழ், கன்னட மொழிச் சிறுபான்மையினர் தங்கள் மொழியிலேயே அரசோடு தொடர்புகொள்ளும் உரிமையை 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் அங்கீகரிக்கிறது. மனு எழுத உள்ள அந்த உரிமை, தன் நோயைச் சொல்ல மட்டும் ஏன் இல்லாமல் போக வேண்டும்?

எல்லை என்பதே தனிச்சிக்கல். தேனி மாவட்டத்தின் போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் பெண்கள் நாள்தோறும் விடியலில் ஜீப்புகளில் நெருக்கியடித்து அமர்ந்து போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக ஏலத்தோட்டங்களுக்குச் செல்கிறார்கள். பூச்சிமருந்து தெளிக்கப்பட்ட செடிகளுக்கிடையே பகல் முழுதும் குனிந்து நிற்கும் ஒருத்திக்குத் தலைசுற்றலும் வாந்தியும் வந்தால், மாலையில் அவள் செல்வது தமிழ்நாட்டு மருத்துவமனைக்கு. அங்கு நோய் பதிவாகும்; வேலையிடம் பதிவாகாது. கேரளத்தில் வேலையிடம் இருக்கிறது, நோயாளி இல்லை. நஞ்சுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பை நிறுவ வேண்டிய இரண்டு பாதிகளும் இரண்டு மாநிலங்களின் அலமாரிகளில் தனித்தனியே கிடக்கின்றன. தோட்ட முதலாளிக்கு இதைவிட வசதியான எல்லைக்கோடு வேறு உண்டா? பரம்பிக்குளத்தின் கதை இதற்கு மறுபுறம். பாலக்காடு மாவட்ட முதலமடை ஊராட்சியைச் சேர்ந்த அப்பழங்குடிக் குடியிருப்புகளுக்குச் சாலை வழியே செல்ல வேண்டுமானால் தமிழ்நாட்டின் சேத்துமடை, டாப்சிலிப் வழியாகத்தான் செல்ல வேண்டும். ஒரு மாவட்டத்துக்குள் மட்டும் அனுப்பப்படும் மாணவருக்கு இந்த மக்களின் பாதி வாழ்க்கை எப்போதும் கண்ணில் படாது.

பட்டச் சந்தையும் ஊதியமற்ற உழைப்பும்

இந்நிலை தானாக உருவாகவில்லை. அச்சுத மேனனின் பெயர் தாங்கிய திருவனந்தபுரம் மையம் 1997இல் பொது சுகாதார முதுநிலைப் படிப்பைத் தொடங்கியபோது அது ஓர் அரசு நிறுவனத்தின் முயற்சியாக இருந்தது. 2006இல் அரசும் கேட்ஸ் அறக்கட்டளையும் பெருந்தனக்காரர்களும் சேர்ந்து இந்தியப் பொது சுகாதார அறக்கட்டளையை அமைத்தபோது, பொது சுகாதாரக் கல்வியே பொது - தனியார் கூட்டின் களமாயிற்று. பின்னர் தனியார் பல்கலைக்கழகங்களும் இப்பட்டத்தை விற்பனைக்கு வைத்தன. மருத்துவப் பட்டமேற்படிப்பு மாணவர்களுக்கு மாவட்ட மருத்துவமனைகளில் மூன்று மாதப் பணி 2020ஆம் ஆண்டின் விதிகளால் கட்டாயமாக்கப்பட்டது. அக்காலத்தில் அவர்களுக்கு உதவித்தொகை உண்டு. பொது சுகாதார முதுநிலை மாணவர்களுக்கு அதைப் போன்ற ஒரே சீரான சட்டபூர்வ ஏற்பாடு இல்லை. கட்டணம் செலுத்திப் படிக்கும் மாணவர், சொந்தச் செலவில் மலையேறித் தொண்டு நிறுவனத்துக்கு இலவசமாகக் கணக்கெடுத்துத் தருகிறார். நிறுவனம் அதை நிதி தருவோருக்கு அறிக்கையாக்குகிறது. மாணவருக்குக் கிடைப்பது சான்றிதழ். வசதியற்ற வீட்டுப் பிள்ளைகளுக்கு, குறிப்பாகத் தலித், பழங்குடி மாணவர்களுக்கு, இந்தச் ‘சொந்தச் செலவு’ என்ற ஒற்றை நிபந்தனையே வாசலை அடைத்துவிடுகிறது.

இதில் இன்னொருவருடைய உழைப்பும் மறைந்திருக்கிறது. மாணவரை வீடு வீடாக அழைத்துச் சென்று, மொழிபெயர்த்து, மக்களின் நம்பிக்கையைக் கடன் கொடுக்கும் ஆஷா ஊழியரே உண்மையான கள ஆசிரியர். அவரை இந்திய அரசு இன்றுவரை தொழிலாளியாக ஏற்கவில்லை, ‘தொண்டர்’ என்கிறது. 2013இல் கூடிய 45ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு திட்ட ஊழியர்களைத் தொழிலாளர்களாக அங்கீகரிக்கப் பரிந்துரைத்தும் பயனில்லை. பேராசிரியருக்கு மேற்பார்வையாளர் என்ற பட்டம். கள ஆசிரியருக்கு நன்றியுரையில் ஒரு வரிகூட இல்லை. படித்து முடித்த மாணவருக்கோ, காத்திருப்பது திட்ட நிதி தீரும் வரையிலான ஒப்பந்த வேலை. நிரந்தரப் பொது சுகாதாரப் பணியமைப்பை எல்லா மாநிலங்களிலும் உருவாக்க 2017ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கொள்கையே பேசியது. பொது சுகாதாரத்துக்கெனத் தனி இயக்ககத்தை ஒரு நூற்றாண்டாக நடத்திவரும் தமிழ்நாட்டின் அனுபவமும் கண்முன் இருக்கிறது. நிரந்தரப் பணியிடங்களை நிரப்பாத அரசு, களப்பயிற்சி மாணவர்களைக் கொண்டு ஓட்டையை அடைக்கப் பார்க்கிறது.

எதிர்வாதங்கள்

ஊர்க்கூட்டமும் தொழிற்சங்கமும் தலையிட்டால் ஆய்வின் சுதந்திரம் கெடும் என்பார்கள். நிதி தருபவர் தலைப்பைத் தீர்மானிக்கும்போதும், தோட்ட நிர்வாகத்தின் அனுமதி பெற்று, நிர்வாகத்தின் வண்டியில் லயத்துக்குள் நுழையும்போதும் கெடாத சுதந்திரம், தொழிலாளியிடம் பதில் சொல்லும்போது மட்டும் கெட்டுவிடுமா?

நெறிமுறைக் குழுக்கள் இருக்கின்றனவே என்பது அடுத்த வாதம். 2009இல் ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில் பழங்குடிச் சிறுமிகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி செயல்விளக்கத் திட்டம் நடந்தது. தடுப்பூசியின் தரம் இங்கு விவாதமன்று. விடுதிக் காப்பாளர்களே பெற்றோருக்குப் பதிலாக ஒப்புதல் படிவங்களில் கையெழுத்திட்டார்கள் என்பதை நாடாளுமன்ற நிலைக்குழு 2013இல் அம்பலப்படுத்தியது. நகரத்தில் கூடும் குழு தாள்களைச் சரிபார்க்கும். ஊரில் நடப்பதை ஊர்தான் சரிபார்க்க முடியும்.

நமது தோழர்கள் சிலரிடமும் தவறான பார்வை ஒன்று உண்டு. ஆய்வு என்று வருவோர் அனைவரும் வெளிநாட்டு நிதியின் ஏவலர்கள் என்றும், அவர்களைத் திருப்பி அனுப்புவதே போராட்டம் என்றும் அவர்கள் கருதுகிறார்கள். இது அறியாமையைப் பாதுகாக்கும் வாதம். கணக்கு இல்லையென்றால் கோரிக்கையும் இல்லை. கடன் வாங்கிப் படிக்கும் மாணவர் வர்க்க எதிரியல்லர். சரியான களம் கிடைத்தால் அவர் மக்களின் சாட்சியாவார். இதைவிட ஆபத்தான மற்றொரு பார்வையும் உண்டு: இடதுசாரிகள் ஆளும் இடத்தில் சங்கடமான முடிவுகள் வெளிவரக் கூடாது என்பது. அட்டப்பாடியின் குழந்தை இறந்தபோது எந்த முன்னணி ஆண்டது என்று பார்த்து நாம் துயரப்பட முடியாது. மக்களின் மேற்பார்வை என்பது கட்சியின் தணிக்கையன்று. முடிவை மாற்ற எவருக்கும் அதிகாரமில்லை, முடிவைக் கேட்க மக்களுக்கு உரிமை உண்டு என்பதே அதன் பொருள்.

நாம் கோர வேண்டியவை

முதலாவதாக, களப்பயிற்சிக்கு மாணவர் வரும் முன் வினாப்படிவம் ஊர்க்கூட்டத்திலோ லயத் தொழிலாளர் கூட்டத்திலோ மக்களின் மொழியில் வாசிக்கப்பட வேண்டும். பயிற்சி முடிந்ததும் முடிவுகள் அதே இடத்தில், அதே மொழியில் வாசிக்கப்பட்ட பிறகே மதிப்பெண் வழங்கப்பட வேண்டும். எழுதிய பிரதி ஊராட்சி அலுவலகத்திலும் குடும்ப சுகாதார மையத்திலும் இருக்க வேண்டும்.

இரண்டாவதாக, மேற்பார்வை கூட்டுப்பொறுப்பாக வேண்டும். கல்லூரி ஆசிரியருடன் அரசு மருத்துவ அலுவலரும், ஊர்க்கூட்டம் அல்லது தொழிலாளர்கள் தேர்ந்தெடுக்கும் ஒருவரும் அதில் இருக்க வேண்டும். அப்பிரதிநிதிகளில் பெண்கள் பாதிக்குக் குறையக் கூடாது. வழிநடத்தும் ஆஷா ஊழியருக்குக் கள ஆசிரியர் என்ற தகுதியும் அதற்குரிய ஊதியமும் வேண்டும்.

மூன்றாவதாக, பயிற்சிக்காலம் முழுமைக்கும் மாணவருக்கு உதவித்தொகையும் தங்குமிடமும் அரசுப் பொறுப்பாக வேண்டும். அட்டப்பாடி, இடமலைக்குடி, தேயிலை, ஏலத்தோட்டப் பகுதிகளிலிருந்தே இப்படிப்புக்கு மாணவர்கள் வர இடஒதுக்கீடும் முழுக்கட்டண விலக்கும் வேண்டும்.

நான்காவதாக, பாலக்காடு, இடுக்கி, கோயம்புத்தூர், தேனி ஆகிய நான்கு அரசு மருத்துவக் கல்லூரிகளையும் இணைத்து எல்லைப்பகுதிக் கூட்டுக் களப்பயிற்சியை இரு மாநில அரசுகளும் தொடங்க வேண்டும். ஏலத்தோட்டத் தொழிலாளியின் வேலையிடமும் நோயும் ஒரே பதிவேட்டில் சந்திக்க வேண்டும். அந்த ஒரு பதிவேடே பூச்சிமருந்து நிறுவனத்தையும் தோட்ட முதலாளியையும் கூண்டில் நிறுத்தப் போதுமானது.

ஐந்தாவதாக, மாணவர் அமைப்புகள் இதைக் கல்விக் கோரிக்கையாகவும், தோட்டத் தொழிலாளர் சங்கங்கள் இதைத் தொழிற்சங்கக் கோரிக்கையாகவும் எடுக்க வேண்டும். எல்லையின் இருபுறமும் உள்ள கிளைகள் இதை இணைந்தே நடத்த வேண்டும். அடுத்த முறை மாணவர்கள் வண்டியிலிருந்து இறங்கும்போது அவர்களை வரவேற்று, படிவத்தை வாங்கிப் படித்து, நிலமும் கூலியும் நஞ்சும் அதில் எங்கே என்று கேட்பதிலிருந்து இவ்வேலை தொடங்கலாம். அதற்கு எந்த அரசாணையும் தேவையில்லை.

சைலீசியாவுக்கு அனுப்பப்பட்ட இளைஞர் அரசு எதிர்பார்த்த அறிக்கையை எழுதவில்லை. மக்கள் காட்டிய உண்மையை எழுதினார். அத்தகைய இளைஞர்கள் இன்றும் ஆண்டுதோறும் ஆனைகட்டியிலும் போடிமெட்டிலும் வந்து இறங்குகிறார்கள். அவர்களை எடைக்கருவியோடு மட்டும் திருப்பி அனுப்புவதா, மக்களின் வழக்கறிஞர்களாக அனுப்புவதா என்பது பல்கலைக்கழகங்கள் மட்டும் தீர்மானிக்கும் விஷயமாக இனியும் இருக்கக் கூடாது. சென்ற ஆண்டின் கணக்கு என்னவாயிற்று என்று கேட்கும் அந்தத் தாய்க்குப் பதில் கிடைக்கும் நாளில்தான் களப்பயிற்சி உண்மையில் நிறைவுபெறும்.